இரண்டாம் நம்பர் விரல்

மோதிரம் பவானேஸ்வரியின் விரலில் ஏறியது காலை பத்து மணிக்கு. மருமகளாக வரப்போகிறவளுக்கு வாங்கியது. மாலை ஆறு மணிக்குத் தெங்கேராவில், பெண் வீட்டில் நிச்சயதார்த்தம்.

"சும்மா அளவு பாத்தேன்" என்றாள்.

"அவ விரல் அளவை உன் விரல்லயா பாப்ப?" என்றார் கணவர் ரங்கசாமி.

சோப்பு போட்டார்கள். விரல் வீங்கியது. நூல் சுற்றி இழுத்தார்கள். நூலும் மாட்டிக்கொண்டது. நகைக்கடை வீராசாமி தொடவே மறுத்துவிட்டார்.

"வீங்கின விரல்ல நான் கை வைக்க மாட்டேன்லா. பொம்பாவுல அறுத்துக் கொண்டாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒட்டித் தர்றேன்."

பொம்பா என்கிற தீயணைப்பு நிலையத்தில் முன்பு பதினெட்டுப் பேர், இரண்டு வண்டி. அரசாங்கம் வருஷாவருஷம் சிக்கனம் பிடித்ததில், இப்போது யுகேந்திரன் மட்டும் மிச்சம். வண்டி நின்ற இடத்தில் அவன் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வலது கையில் தடித்த உறை.

"இந்த வெயில்ல உறை எதுக்குத் தம்பி?"

"டியூட்டி, ஆண்ட்டி" என்றவன், இடது கையால் கோணல்மாணலாக ஃபாரம் எழுதினான். "உங்க நம்பர் ரெண்டு."

"மோதிரம் அறுக்கிற மெஷின் எங்க?"

"நாலு ஸ்டேஷனுக்கு ஒண்ணுதான். நேத்து நம்ம முறை. கொண்டுவர அடுத்த ஸ்டேஷன் வண்டிக்கு எண்ணெய் இல்ல."

"வேற எதுவும் இல்லையா?"

உள்ளே போய், ஒற்றைக் கையால் ஒன்றை இழுத்து வந்தான். நசுங்கிய காரின் கதவை வெட்டும் கருவி. பவானேஸ்வரி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க ஆண்ட்டி. இதுக்குப் பேட்டரி இல்ல."

கையைத் தூக்கி வைத்தால் வீக்கம் வடியும் என்றான். வாசலில் கையைத் தூக்கி நின்றாள். பஸ் வந்து நின்றது.

"ஏறல, நீ போ" என்று கையை ஆட்டியதில் இரும்புக் கேட்டில் இடித்து, விரல் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

"பேசாம நீயே நம்ம வீட்டுக்கு மருமகளா வந்துடு" என்றார் ரங்கசாமி.

அப்போது போன் அடித்தது. யுகேந்திரன் முகம் மலர்ந்தது.

"நாலு மணிக்கு மெஷின் வருதாம்."

"நாலுக்கு அறுத்தா ஆறுக்குள்ள ஒட்டிடலாம்" என்று பவானேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஆனா பிளேடு ஒண்ணே ஒண்ணுதானாம், ஆண்ட்டி. ஒரு மோதிரத்துக்குத்தான் தாங்கும்."

"அதான் நான் இருக்கேனே."

"நீங்க நம்பர் ரெண்டு."

பவானேஸ்வரி எழுந்தே விட்டாள். "யாரு தம்பி அந்த ஒண்ணாம் நம்பர்? அட்ரஸ் கொடு. அவங்க கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன். எம் பையன் வாழ்க்கை இது."

யுகேந்திரன் தரையைப் பார்த்தபடி வலது கை உறையை மெல்ல உருவினான். பிஞ்சுக் கத்திரிக்காய் மாதிரி ஒரு விரல். அதில் புது மோதிரம்.

"எனக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு மூணு வாரமாச்சு, ஆண்ட்டி. மோதிரத்தைத் திருப்பி வாங்கப் பொண்ணோட அண்ணனுங்க நாலரைக்கு வர்றாங்க."