உம் கொட்டாத மனிதர்

பேசிப் பேசியே பெயர் வாங்கியவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அடுத்தவரைப் பேசவிடாமலேயே பெயர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து மியூட் அண்ணன் ஒருவர்தான். அவர் நிற்கும் இடத்தில் குழந்தை அழாது, குக்கர் விசிலடிக்காது, மின்விசிறிகூடச் சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

நிஜப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பல வருடங்கள் ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்ததுதான் அவர் பார்த்த உத்தியோகம். "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்று தினமும் யாராவது சொல்வார்களாம். ஒருநாள், "தெரியும், நான் வேலையை விடறேன்" என்று பதில் சொன்னார். அதையும் மியூட்டில்தான் சொன்னார். மறுநாள் ஆளைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள்.

வேலையை விட்டவர் ஒரு ஹெட்ஃபோனும், துப்பாக்கி நீளத்துக்கு ஒரு மைக்கும் வாங்கினார். காற்றுச் சத்தம் விழாமலிருக்க அந்த மைக்குக்கு ரோமம் அடர்ந்த உறை உண்டு. அதைப் பூனைக்குட்டி மாதிரி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார்.

நான் ஸ்ரீராம்புரம். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன். அந்தப் படிப்பை வைத்துக் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை சிரித்தால் திரையில் ரோஜாப்பூ விழ வேண்டும். பெண் சிரித்தால் பூமாரி. இந்தக் கலைச்சேவைக்கு நடுவில்தான் ஓர் ஆவணப்படப் பயிற்சியில் எனக்கு இலவச இடம் கிடைத்தது. ஆறு பேர் வியட்நாம் போய், ஊர் சுற்றிக்கொண்டே, இருவர் இருவராகச் சேர்ந்து ஜோடிக்கொரு சின்னப் படம் எடுக்க வேண்டும். நல்ல படம் எடுப்பவருக்குப் பயிற்சி நடத்தும் மேடத்திடமே உதவி இயக்குநர் வேலை. கிடைக்காவிட்டால் பொம்மசந்திராவில் மாமா சொல்லிவைத்திருந்த பேக்கிங் வேலை எனக்காகக் காத்திருந்தது.

அப்பா மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"படத்துல யாருடா ஈரோ?"

"ஈரோ கிடையாதுப்பா. நிஜமான ஆளுங்க."

"நிஜமான ஆளப் பாக்க எதுக்குடா ஏரோப்ளேன்? கதவைத் தொற, தெரு பூரா நிக்கிறாங்க."

அதற்குள் அம்மா அந்தத் தெரு பூராவும் 'புள்ள ஃபாரின்ல சினிமா எடுக்கப் போவுது' என்று சொல்லி முடித்திருந்தாள். இனி பேக்கிங் வேலைக்குப் போனால் முகத்தையும் சேர்த்துப் பேக் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

மேடம் முதல் நாளே, "கேமராவை மறந்துடுங்க. அப்பதான் உண்மை வெளியே வரும்" என்றார். குழுவில் கழுத்தில் துணி சுற்றிய ஒருவர் நிஜமாகவே டாக்ஸியில் மறந்துவிட்டு வந்தார். உண்மை வெளியே வரவில்லை, டாக்ஸியும் திரும்பி வரவில்லை. எனக்கு ஜோடியாக வாய்த்தவர் மியூட் அண்ணன். நான் கேமரா, அவர் ஒலி. வேலை அவருக்குக் கிடைத்துவிடுமோ என்று நான் பயந்தபோது, "வேலையா? மறுபடி மீட்டிங்கா? சும்னே இருடா" என்று, சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொல்லி நடுங்கிவிட்டார்.

போன இடமெல்லாம் உள்ளங்கையை உயர்த்தி, "மியூட்!" என்பார். உடனே எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு அரை நிமிடம் நிற்க வேண்டும். அந்த இடத்தின் வெறும் மௌனத்தை அவர் பதிவு செய்துகொள்வார். அதற்குப் பெயர் ரூம் டோன்.

"ஓட்டல் மௌனம் வேற, ஆத்தங்கரை மௌனம் வேற, தம்பி. பேச்சை வெட்டி எடுத்தா அங்க ஓட்டை விழும். அந்த ஓட்டையில இதை வெச்சு ஒட்டணும். பஞ்சர் போடற மாதிரி."

சாப்பாட்டுக் கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாளிடம் அடுப்பை அணைக்கச் சொன்னார். விடுதிச் சேவலுக்கும் கையைக் காட்டினார். அது ஒரு முறை அவரை உற்றுப் பார்த்துவிட்டு, இரட்டிப்பாகக் கூவியது. அவருடைய மிரட்டலுக்குப் பணியாத ஒரே ஜீவன் அதுதான்.

போனிலும் இதே கதைதான். நாம் பேசப் பேச, கேட்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஓர் 'உம்' வராது. "அண்ணா, லைன்ல இருக்கீங்களா?" என்று நாமே நாலு தரம் கேட்க வேண்டும். நானோ எதிர்ப்பாட்டு. யார் வாயைத் திறந்தாலும் உம் கொட்டுவேன். பெரியவர்கள் பேசும்போது உம் கொட்டாவிட்டால் எங்கள் வீட்டில் முதுகில் விழும்.

எங்கள் படத்துக்கு ஒரு பெண்மணி கிடைத்தார். ஆற்றுப் பாலத்தடியில் ஸ்கூட்டர்களுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். ஐம்பது வயதிருக்கும், நாங்கள் பஞ்சர் அக்கா என்றோம். தினமும் காலையில் கயிற்றில் கட்டிய காந்தத்தைப் பாலத்துச் சாலையில் இழுத்துக்கொண்டு போய், கிடக்கிற ஆணிகளையெல்லாம் அள்ளிவிடுவார். அள்ளிவிட்டுக் கடைக்கு வந்து, ஏன் யாருக்கும் பஞ்சர் ஆகவில்லை என்று வழி பார்த்து உட்கார்ந்திருப்பார். இது என்ன தொழில் ரகசியம் என்று கேட்பதுதான் எங்கள் படம்.

முதல் நாள் அக்கா பிரமாதமாகப் பேசினார். லான் என்ற கல்லூரிப் பெண் மொழிபெயர்க்க வந்திருந்தாள். பேட்டி முடிந்ததும் அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் மாட்டினார். அக்காவின் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் எருமை மாதிரி ஒரு 'உம்'.

"யாருடா அது?"

"நான்தாண்ணா."

"அந்தம்மா பேசினது வியட்நாம் பாஷை. என்னடா புரிஞ்சுது உனக்கு?"

"ஒண்ணும் புரியலண்ணா."

"அப்புறம் எதுக்குடா உம்?"

"மரியாதைக்குண்ணா."

அண்ணன் மைக்கைத் தடவி மனதை ஆற்றிக்கொண்டார். மறுநாள் என் கர்சீப்பையே சுருட்டி என் வாயில் வைத்துவிட்டார். கேமரா ஓடியது. அக்கா இரண்டு வாக்கியம் பேசினார். என்னைப் பார்த்தார். இன்னும் அரை வாக்கியம் பேசினார். பிறகு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றுதான் கடைசி நாள். பொம்மசந்திராவின் அட்டைப்பெட்டிகள் என் கண்முன்னே வரிசையாக அடுக்கப்பட்டன.

என்ன ஆயிற்று என்று லான் கேட்டு வந்து சொன்னாள். அவர்கள் பாஷையிலும் உம் உண்டாம். ஆனால் பெரியவர்களிடம் சொல்லக் கூடாதாம். அவர்களிடம் 'யா' என்றுதான் பணிவாகச் சொல்ல வேண்டுமாம். உம் என்பது சரிசமமானவர்களும் வீட்டு மனிதர்களும் சொல்வது.

"நேத்து இந்தப் பையன் என் புருஷன் மாதிரியே உம் போட்டான். அவர் போனதுக்கப்புறம் நான் பேசினா உம் போட ஆளில்ல, மகன் போனைப் பாக்கிறான். இன்னைக்கு இவனுக்கும் என்னமோ கோபம் போலன்னு சொல்றாங்க" என்றாள்.

நான் மரியாதை என்று நினைத்து மூன்று மணி நேரம் அந்த அம்மாளுக்குப் புருஷனாக இருந்திருக்கிறேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். தூக்குமேடையில் கடைசி ஆசை கேட்கப்பட்டவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, என் வாயிலிருந்த கர்சீப்பை உருவினார்.

"கொட்டித் தொலைடா."

கொட்டினேன். அக்கா பூரித்துப் போய்ப் பேசினார். ஓரிடத்தில், காந்தத்தைக் கையில் எடுத்து ஏதோ கேட்டுவிட்டு நிறுத்தினார். ஆற்றில் படகுகூடப் போகவில்லை. என் வாய் தன்னால் "உம்?" என்றது. அக்கா சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை, பிறகு சொன்னார். லான் எங்களுக்கு மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இந்த ஆணியெல்லாம் முதல்ல யாரு போட்டது தெரியுமான்னு கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, என் புருஷன்தான். அவர் ராத்திரி போடுவார், நான் பகல்ல ஒட்டுவேன். ஒருநாள் ஒரு சின்னப் பொண்ணு விழுந்து முட்டியெல்லாம் ரத்தத்தோட என்கிட்டயே வண்டியைத் தள்ளிட்டு வந்து, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போச்சு. அன்னையிலேர்ந்துதான் இந்தக் காந்தம்."

பெங்களூர் திரும்பியதும் அண்ணன் வீட்டில் எடிட்டிங். சத்தம் வருகிறது என்று ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார். அந்த வாரம் வைட்ஃபீல்டில் அந்த ஒரு வீட்டில் மட்டும் பாலெல்லாம் தயிரானது. என் உம்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பேன் நசுக்குவது போல நசுக்கினார். ஒவ்வொரு ஓட்டையிலும் பாலத்தடி மௌனத்தை வைத்து ஒட்டினார்.

திரையிடலில் படம் ஓடியது. அக்கா காந்தத்தை எடுத்தார், கேட்டார், நிறுத்தினார். அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி "உம்?" என்றது ஒரு எருமை. அண்ணனுக்குத் தப்பிய உம்மா? அந்தக் காதுக்கா?

படம் முடிந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்கு. ஆனா நடுவுல ஒரு உம் வருதே, யாரோடது?"

நான் எழுந்து நின்றேன். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து உள்ளங்கை உயர்ந்தது.

"அது ரூம் டோன், மேடம்" என்றார் அண்ணன். முகத்தில் ஓர் அசைவில்லை.

இரண்டு நாள் கழித்து மேடத்திடமிருந்து போன் வந்தது. அம்மா தெருவுக்குச் சொல்லப் போனாள். அப்பா என் செல்போனில் படத்தை மறுபடி பார்த்துவிட்டு, "ஈரோ இல்லன்னு பொய் சொன்னியேடா. அந்தம்மாதான் ஈரோ. தெருவைப் பெருக்குறவங்கதாண்டா ஈரோ" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

நான் மியூட் அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை கிடைத்ததைச் சொன்னேன். மேடம் சொன்னதைச் சொன்னேன், அப்பா சொன்னதைச் சொன்னேன். எதிர்முனையில் வழக்கம்போலக் கிணறு. லைனில் இருக்கிறீர்களா என்று இந்த முறை நான் கேட்கவில்லை. "அந்த ஒரு உம்மை விட்டு வெச்சீங்களேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அரை நிமிடம் இருக்கும். வைட்ஃபீல்டின் மௌனத்துக்கு நடுவிலிருந்து, தொண்டை பழக்கமில்லாமல் கரகரக்க, ஒரு குரல் சொன்னது:

"உம்."