பீட்ரூட் கறியும் இரண்டு கேன்களும்

கேனில் இருந்தது சிவப்பாக இருந்தது.

"பட்டு, பீட்ரூட் கூடவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாளே! மறந்து கறி பண்ணிட்டேனே!" தோத்தாத்ரி தலையில் அடித்துக்கொண்டார்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ரசாயனம் எது என்று சிறுநீரில் தேடும் ஆராய்ச்சி. ஒரு வீட்டில் நோயாளி ஒருவர், அதே சாப்பாடு சாப்பிடும் ஆரோக்கியமானவர் ஒருவர். இருவருடையதையும் ஒரு நாள் முழுக்கத் தனித்தனிக் கேனில் பிடித்து, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தோத்தாத்ரியும் அவர் மனைவி பட்டுவும் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, டாக்டர் அறைக்குள் பட்டு மட்டும் போனாள். வெகுநேரம் கழித்து வந்து, நோய் தனக்கு என்றாள். அவருக்கு வெறும் உடம்புச் சூடாம்.

அன்றிலிருந்து அவளை அவர் அடுப்புப் பக்கம் விடவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சமைத்தார். முதல் மூன்று நாள் ரசத்தில் உப்பே இல்லை. அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"அதே கறிதானே நீயும் சாப்ட்டே? உன்னோடது ஏன் சிவக்கலை?"

பட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறது, என்னோடதுல ரெண்டு டம்ளர் ஜலம் விட்டா சரியாயிடும்."

விட்டார். நிறம் வெளுத்தது. ஆனால் கேன் வழிந்தது. வழிந்ததைப் பக்கத்துக் கேனில் சாய்த்தார்.

"ஐயோன்னா, அது என்னோடது!"

இப்போது இரண்டும் ரோஜா நிறம்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னோடது போனா போறது. உன்னோடதுலதானே வியாதி இருக்கு. அதைப் போய்க் கெடுத்துட்டேனே பட்டு..."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தாம்பரத்தில் ரயிலேறினார்கள். மடியில் இருந்த கேன்களை எதிர் சீட்டுக்காரர் உற்றுப் பார்த்தார்.

"சர்பத்தா சார்?"

"ம்."

"வீட்லயே பண்ணதா?"

"வீட்டுலதான்," என்றார் தோத்தாத்ரி.

ஆஸ்பத்திரியில் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, "நீ அலையாதே" என்று சொல்லிவிட்டு, கேன்களைத் தானே சுமந்துபோனார். அவற்றை வாங்கி வைக்கும் கன்னியம்மாவிடம் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார்.

"தப்பு என்னோடதும்மா. அவளுக்கு மட்டும் இன்னொரு தடவை எடுத்துக்கோங்கோ. அவ பொழைச்சாப் போதும்."

கன்னியம்மா கையிலிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, நல்லாகீற அம்மா குந்திகினு கீது, பேஷண்டு நீயா தூக்கிகினு வருவ?"