சங்க வரலாற்றிலிருந்து நான் வெளிநடப்புச் செய்த விவரம்

என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் நலம். அங்கே உங்கள் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஆயுள் உறுப்பினராக இருக்கும் உயிர்மருத்துவ ஆய்வு வளர்ச்சிச் சங்கத்துக்குப் பொன்விழா. ஓய்வுபெற்ற பேராசிரியர் சும்மாதானே கிடக்கிறார் என்று அதன் வரலாற்றை எழுதும் பாக்கியத்தை என் தலையில் கட்டினார்கள். ஆராய்ச்சியின் வரலாறு என்று நம்பி நானும் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, உயிரியல், மருத்துவம் என்ற இரண்டு துறைகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு நுண்ணோக்கி வந்து சேர, அது யார் அறையில் இருப்பது என்று துறைத்தலைவர்கள் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட, சமாதானத்துக்காகப் பிறந்ததே இந்தச் சங்கம் என்று. ஒருவர் தலைவர், இன்னொருவர் துணைத்தலைவர். நுண்ணோக்கி உறை போட்டு, யாரும் தொடாமல், சங்க அலுவலகத்தில் பத்திரம். அடுத்து, பெயரில் 'உயிர்' முதலில் வருவதா 'மருத்துவம்' முதலில் வருவதா என்று தகராறு முற்றி, சங்கம் இரண்டாக உடைந்து, மேல்தளத்தில் ஒன்றும் கீழ்த்தளத்தில் ஒன்றுமாக மனிதகுலத்தின் நோய்களை ஒழிக்கப் பாடுபட்டன. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காலமாக, ஒற்றுமை தானாக வளர்ந்தது.

இத்தனை சாதனைகளுக்கு நடுவே, தவறுதலாக, ஓர் ஆராய்ச்சியும் நடந்துவிட்டது. அது உங்களுடையது. குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த இருமல் மருந்து அவர்கள் காதைச் செவிடாக்குகிறது என்று வார்டு வார்டாக அலைந்து நிரூபித்தீர்கள். சங்கக் கூட்டத்தில் உங்களுக்கு ஒதுக்கிய நேரத்தை வரவேற்புரையே விழுங்கி ஏப்பம் விட்டது. நீங்கள் விடாமல் வெளியே எழுதி, அந்த மருந்தை நிறுத்த வைத்தீர்கள். அதற்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம் எழுதினேன்.

படித்துவிட்டுச் செயலாளர் கூப்பிட்டார். "சார், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்த அத்தியாயத்த மட்டும் எடுத்துடலாமா?"

"ஏன்யா?"

"பின்னட்டை விளம்பரமே அந்த மருந்துக் கம்பெனிதான் சார். விழா நேரத்துல எதுக்கு மனஸ்தாபம்?"

"அப்ப அம்பது வருஷத்துல ஆராய்ச்சின்னு எதைக் காட்டுவீங்க?"

"அதான் தலைவருங்க படமெல்லாம் கலர்ல போடுறோமே!"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "எங்கக்கா இல்லாத வரலாறு எனக்கு வேணாம்யா" என்று கத்திவிட்டு, எழுதியதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது, அக்கா, உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ள முதல் தடவையாகத் தகுதி வந்ததுபோல் இருந்தது. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தச் சங்கத்திலும் சேராமல் நீடூழி வாழட்டும்.

என்றும் உங்கள்
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், செயற்குழு மொத்தமும் வீட்டுக்கே வந்துவிட்டது. புதிய தலைவராக என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வீடு தேடி வந்தவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உங்கள் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடுகிறோம். ஆனால் கவலை வேண்டாம் அக்கா, மல்லுக்கட்டி, பழைய குழுப் படம் ஒன்றைச் சேர்க்க வைத்துவிட்டேன். கடைசி வரிசையில், யாரோ ஒரு பொருளாளரின் தோளுக்குப் பின்னால், உங்கள் நெற்றி நன்றாகவே தெரிகிறது.