நீர்மட்டம் சொல்லும் மதியழகன்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். பல் விளக்குமுன் அணையின் நீர்மட்டம் சொல்லும் இனம் அது. மாதிரிக்கு, சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மதியழகன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை. ஆனாலும் தினமும் காலை ஆறு மணிக்கு, காவிரி அணையில் இத்தனை அடி, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப்பில், பூ, சூரியன், கும்பிடும் கை எல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொடுவார். அதே குரூப்பில் வாழப்பாடி கலைமணி ஒரு நிமிஷம் முந்திப் போட்டுவிட்டால் அன்று காப்பி இறங்காது. யார் கேட்டார்கள்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு நாள் உண்மையாகவே ஒருத்தி கேட்டாள். ஆற்றில் மீன் பிடித்து, வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து அவர் வீட்டில் கொடுக்கும் அங்கம்மாள்.

"ஏனுங்க சாமி, எங்கூரு மணல் திட்டுல ஆமை முட்டை வெச்சிருக்குதுங்க. நாய் அண்டாம நாந்தான் காவக் காக்கறனுங்க. தண்ணி ஜாஸ்தியா உடற சேதி தெரிஞ்சா ஒரு போனு போடுங்க. வனத்துறைக்காரங்க வந்து எடுத்து மேட்டுல வெக்கறம்னு சொல்லியிருக்காங்க."

"நீ கவலைய உடு அங்கம்மா. எனக்குத் தெரியாம அணையில ஒரு ஷட்டரு அசையாது."

அவள் நம்பரை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்தார்.

நான்காம் நாள் விடியற்காலையில் சேதி வந்தது. ஆயிரம் கன அடியாக இருந்த திறப்பு மதியம் முதல் பன்னிரண்டாயிரம் ஆகிறதாம். கலைமணியை முந்த வேண்டாமா? மதகில் தண்ணீர் சீறும் படம் ஒன்றைத் தேடினார், அது இரண்டு வருடத்துப் பழசு, இருந்தால் என்ன, 'பொங்கி வருகிறாள் காவிரித்தாய்' என்று எழுதினார், அனுப்பினார், வந்து விழுந்த கும்பிடு கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மதியத்துக்குள் ஃபிரிட்ஜை நாலு தரம் திறந்து மூடினார்.

அடுத்த வாரம் அங்கம்மாள் வந்தாள். கூடையை இறக்கவில்லை.

"திட்டே முழுகிப்போச்சுங்க. ஒரு போனு போட்டிருந்தா அத்தனை குஞ்சும் பொழச்சிருக்குமுங்க."

மதியழகனின் கண் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளுக்குப் போனது. ஒரே கணம்தான்.

"காலையில ஆறு மணிக்கே குரூப்ல போட்டேனே, நீ பாக்கலையா?"

அவள் இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு மீன் வரவில்லை.

எரிச்சலாக இருக்கிறது, இல்லையா? இந்த ஆளைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று உங்கள் கட்டைவிரல் இப்போதே துடிக்கிறது. தாராளமாகக் குரூப்பில் போடுங்கள். ஆனால் போன் பண்ணுகிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆள் அந்தக் குரூப்பில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.