கேட் அக்கா சேர்த்த தம்பிகள்

ஆசியாக் கண்டத்திலேயே என் தங்கச்சி அளவுக்குக் கூடப்பிறந்தவர்களைச் சேர்த்த பொம்பளை கிடையாது. வெள்ளைப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எங்கம்மா பெற்றது ரெண்டே பேர், நானும் அவளும். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

நான் மூணாங்கிளாஸ். அதையும் முழுசாய் முடிக்கவில்லை. ஆனாலும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் லேத்துப் பட்டறையில் இன்றைக்கு ஏழு மிஷின் ஓடுகிறது. இன்ஜினியரிங் படித்தவன் என்னை முதலாளி என்கிறான். இப்பேர்ப்பட்ட மனுஷன் டீக்கடைக்குப் போனால், “கேட் அக்காவோட அண்ணன் வராரு, நவுந்து குந்து” என்பார்கள். என் பெயர் பட்டறை போர்டில் மட்டும்தான் இருக்கிறது.

அவள் ஒரு இரும்புக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. புடவைக்கு மேலே நீலச் சட்டை, கழுத்தில் விசில். அவள் விசில் அடித்தால் ஆந்திரா எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி நிற்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஒருநாள் புது மேனேஜர் அடையாள கார்டு போடாமல் காரில் வந்து, என்னைத் தெரியாதா என்று அதட்டியிருக்கிறார்.

“உன்னத் தெரியும் சார். உன் கார்டத்தான் காணோம்” என்றாளாம். மேனேஜர் வீட்டுக்குப் போய் கார்டு எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே கார்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருவார்.

அவளுடைய வேலை, உள்ளே போகிறவர்களின் பையைச் சோதிப்பது. மற்ற செக்யூரிட்டிகளுக்குப் பையில் ஏதாவது இருந்தால் சந்தேகம் வரும். இவளுக்குச் சோற்று டப்பா இல்லாவிட்டால்தான் சந்தேகம். மூன்று நாள் ஒருவன் டப்பா இல்லாமல் வந்தால், நாலாம் நாள் அவன் பைக்குள் இவள் ஒரு டப்பாவைத் திணித்து அனுப்புவாள். வாங்கியவன் அன்றையிலிருந்து தம்பி. வயதில் மூத்தவனாக இருந்தாலும் தம்பிதான். அப்புறம் கேஸ் சிலிண்டர் தூக்குவதிலிருந்து அவளிடம் திட்டு வாங்குவது வரைக்கும் எல்லாத் தம்பி வேலையும் அவன் பார்க்கவேண்டும்.

டப்பாவில் சோறு இவளுடையது. குழம்பு, அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் மேரியுடையது. ரெண்டு பேரும் உப்புக்காகத் தினம் சண்டை போடுவார்கள். ஒருத்தி லீவு போட்டால் மற்றவளும் லீவு. அவள் புருஷன், என் மாப்பிள்ளை, வாயில்லாத மனுஷன். ஒருநாள் தைரியம் வந்து, எனக்கென்று ஒரு டப்பா உண்டா என்று கேட்டுவிட்டார். “நீ ஊட்டுக்காரன். சட்டியோட தின்னு” என்று பதில் வந்தது.

ரஞ்சன் என்று ஒரிசா பையன், கிரேன் ஓட்டுகிறவன், ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்தான். சத்தமாகப் பேசினால் புரியும் என்பது இவள் கட்சி. ஆறே மாசத்தில் அவன் தமிழ் பேசினான். ஆனால் அத்தனையும் இவள் திட்டிய தமிழ். சூப்பர்வைசரிடம் ரொம்பப் பணிவாக, “சார், பேஜார் பண்ணாம மூடிக்கினு லீவு குடு சார்” என்று கேட்டிருக்கிறான். வேலை போகவிருந்தது. இவள் ஓடிப்போய், “அது நான் பழக்கின தமிழு. திட்டணும்னா என்னியத் திட்டு சார்” என்று நின்றாள். பையனுக்கு ரெண்டு நாள் லீவே கிடைத்தது.

எனக்கு வயிறு எரியாதா? ஒரு பொங்கலுக்கு நான் கரும்பும் அரிசியும் புடவையுமாக, அண்ணன் வரிசை என்று கம்பீரமாகக் காரில் போய் இறங்குகிறேன். அவள் வீட்டு வாசலில் ஏற்கெனவே தம்பிகள் கொண்டுவந்த ஆறு கட்டுக் கரும்பு சாத்தியிருக்கிறது.

“இவ்ளோ பேரு இருக்கச்சொல்ல நான் இன்னாத்துக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிதானமாக என் கரும்பை வாங்கி வைத்தாள். “நீ ஒருத்தன் இருக்கற தைரியத்துலதான அண்ணா இத்தினி பேரச் சேத்தேன்” என்றாள். நான் நாலு கரண்டி பொங்கல் அதிகமாகச் சாப்பிட்டேன்.

போன மாசி மாசம் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

கட்டிக்கொடுத்த பெண் போனால், பிறந்த வீட்டுக் கோடிப் புடவைதான் அவள் மேல் போர்த்தும் பெரிய மரியாதை. அதைக் கொண்டுபோக அண்ணன் நான் ஒருத்தன்தான் என்று, தட்டில் புடவை வைத்துக்கொண்டு மேளத்தோடு தெருமுனைக்கு வந்தேன். அங்கே ஒன்பது பேர் ஆளுக்கொரு தட்டோடு நிற்கிறார்கள். பாதிப் பேர் யூனிபாரத்தோடு. ரஞ்சன் கையில் ஊதாக் கலர்ப் புடவை. அவனுக்குத் தெரிந்த தமிழ் எதுவும் அன்றைக்கு உதவவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா வழியை மறித்தார். கோடி ஒரு வீட்டிலிருந்துதான் வரவேண்டும், கண்டவனும் போர்த்தினால் ஊர் சிரிக்கும், இவர்களை வெளியே நிற்கச் சொல் என்றார். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் அந்த நினைப்புதான். கடைசியிலாவது அவள் எனக்கு மட்டும் தங்கச்சியாக இருக்கட்டும் என்று இருந்தது.

மேரி என் பக்கத்தில் வந்தாள். “அண்ணே, நீ சொன்னாதான் உள்ள உடுவாங்க. இல்லன்னா இதுங்க அக்கா மூஞ்சியப் பாக்காம இப்பிடியே போவணும்” என்றாள்.

ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

“பெரியப்பா, ஒரே ஊட்டுக் கோடிதான். நாங்க பத்துப் பேரு கூடப்பொறந்தவங்க” என்றேன். “மேளத்த அடிங்கப்பா.”

பெரியப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்.

உள்ளே போனதும் மூத்தவன் நீதான் முதலில் போர்த்தவேண்டும் என்றார்கள். நான் அந்த ஒன்பது பேரையும் முன்னால் விட்டேன். எனக்கு என்ன அவசரம்? எனக்கு அவள் ஐம்பத்தாறு வருஷம் கிடைத்தாள். அதுகளுக்கு நாலோ அஞ்சோதான்.