சாக்குக்கு ஓர் ஆள்

மனிதருக்கு ஓய்வு அவசியம் என்று மேலிடம் கண்டுபிடித்ததன் பயனாக, சூறாவளியில் தென்னைகள் சாய்ந்த வெறுங்காணியொன்றில் எங்கள் ஊருக்குப் பொதுப் பூங்கா அமைந்தது. நடுவில் அகலமான சீமெந்துத் தளம். தளத்தைச் சுற்றிப் புல். புல்லைச் சுற்றி முள்ளுக்கம்பி. கம்பிக்கு வெளியே பொதுமக்கள்.

அந்த வருடம் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த ஆதம்பாவா, திரும்பிப் போகுமுன் என்ன வேண்டும் என்று மனைவி ஸுல்பிகாவிடம் கேட்டான். சங்கிலி கேட்பாள் என்று நினைத்திருந்தான்.

"ஒரு நாளைக்கு நான் சும்மா குந்தி இரிக்கணும். அடுப்பும் வாணாம், நெல்லும் வாணாம்."

சங்கிலி என்றால் சுலபமாக முடிந்திருக்கும்.

ஆனாலும் ஆதம்பாவாவிடம் வழி இருந்தது. சவூதியில் குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கடலோரம் குந்துகின்றன. அதற்குப் பிக்னிக் என்று பெயர். எங்கள் ஊரிலும் கடல் உண்டுதான். ஆனால் சும்மா கிடைக்கிற கடலோரத்தில் குந்துவது நாகரிகமாகாது. ஆகவே கல்முனைக்குப் போய் ஒரு பிளாஸ்க்கும் பிளாஸ்டிக் பாயும் வாங்கினான். பாயும் பிளாஸ்க்குமாக வருகிறவனைக் கண்ட அயலவர்கள், "ஆஸ்பத்திரியில ஆரு?" என்று கவலையோடு விசாரித்தார்கள்.

பூங்காக் கேற்றில் ஓவசியர் மீராலெவ்வை நின்றார்.

"உள்ளுக்குப் போகேலா, தம்பி. இன்னும் திறக்கல்ல."

"எப்ப காக்கா திறக்கிற?" என்று, அண்ணனை அழைக்கும் மரியாதையோடு ஆதம்பாவா கேட்டான்.

"மேலிடத்துப் பெரியவர் வந்தாத் திறக்கும். அதுவரைக்கும் பூங்காவப் பொதுமக்கள்ட்ட இரிந்து காப்பாத்துறதுதான் என்ட டியூட்டி."

"அப்ப அங்க குந்தி இரிக்கிற ஆக்கள்?"

"எங்க ஆக்கள்? அது நெல்லு."

உண்மைதான். சீமெந்துத் தளம் முழுக்க நெல் காய்ந்தது.

"நெல்லுக்குப் பக்கத்தில இரிக்கிறவங்க?"

"காவல். காகம் தின்னாம ஆள் வாணாமா? நல்லா யோசிங்க தம்பி. மனிசன் புல்ல மிதிப்பான். நெல்லு மிதிக்குமா? நெல்லுக்குச் சட்டத்தில தடையில்ல."

"நானும் நெல்லுக் கொண்டந்தா?"

"சாக்குக்கு ஓர் ஆள். சின்னப் புள்ளைக்கு அரைச்சாக்கு."

ஆதம்பாவாவுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்த மூன்று சாக்கு நெல்லை வண்டியில் ஏற்றிக் குடும்பத்தோடு வந்து நின்றான். ஓவசியர் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"இது காஞ்ச நெல்லு. காஞ்ச நெல்லக் காயப்போடுறது அரசாங்கத்த ஏமாத்துற வேல. அவிச்சிக் கொண்டாங்க."

எனவே அடுத்த ஞாயிறு விடியற்காலை சுபஹுத் தொழுத கையோடு ஸுல்பிகா மூன்று சாக்கு நெல்லையும் அவித்தாள்.

"உங்கட பிக்னிக்கில இடி விழ!" என்ற வாழ்த்தோடு அவளுடைய ஓய்வுநாள் இனிதே ஆரம்பமானது.

பூங்காவில் வெயில் சட்டப்படி அடித்தது. ஸுல்பிகா காலால் நெல்லைத் துழாவினாள். ஆடு விரட்டினாள். காகம் விரட்டினாள். ஆதம்பாவா பாயை விரித்துச் சாய்ந்தபோது, "காவலாளி டியூட்டியில படுக்கப்படாது!" என்று ஓவசியர் எழுப்பினார். பிள்ளைகள் சறுக்கும் பலகையில் ஏறினார்கள்.

"ரெண்டு அரைச்சாக்கும் கீழ இறங்குங்க!"

கம்பிக்கு வெளியே நின்ற ஊர் இதையெல்லாம் பார்த்தது. சவூதிக்காரன் செய்கிறான் என்றால் அதில் விஷயம் இருக்கத்தான் வேண்டும். அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஊரே பிக்னிக் போனது. நெல் இல்லாதவர்கள் இரவல் வாங்கினார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள், "பிக்னிக் போற குடும்பமா?" என்று விசாரித்தார்கள்.

திடீரென்று ஒரு ஞாயிறு பெரியவர் வந்துவிட்டார். தளத்தைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"ஓய்வு நாளிலும் உழைக்கும் உத்தமர்களே! உங்களுக்காகவே அமைக்கப்பட்ட இந்த நெல் உலர்த்தும் களத்தைத் திறந்து வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்!"

எல்லோரும் கைதட்டினோம். பூங்கா அன்றோடு இல்லாமற் போனது என்பது வீடு வந்த பிறகுதான் விளங்கியது.

அன்றிரவு ஸுல்பிகா, "வாற ஞாயிறும் போங்க," என்றாள்.

"நீ வரல்லியா?"

"நான் வரல்ல. புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க. நெல்ல அவிச்சி எடுத்துட்டுப் போங்க."

"நானா அவிக்கிற?"

"போகாட்டி, சவூதிக்காரனுக்குக் காசு முடிஞ்சி போச்சு எண்டு ஊர் கதைக்கும். எனக்கென்ன?"

ஆதம்பாவா விறகு கொத்தினான்.

அந்தச் செய்தி பெண்களிடையே வேலிக்கு வேலி போனது. ஞாயிறு விடிந்தபோது எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு வளவிலும் ஓர் ஆண் புகைக்குள் இருமிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு வீடுகளின் கதவுகள் உள்ளிருந்து சாத்தப்பட்டன. ஸுல்பிகா கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்து, சும்மா குந்தி இருந்தாள்.

களத்தில் ஆண்கள் நாங்கள், ஓவசியர் மீராலெவ்வை உட்பட, வரிசையாக நின்று காலால் நெல் துழாவினோம். கண் எரிந்தது. முதுகு வெந்தது.

"பிக்னிக் எப்படி, காக்கா?" என்று ஆதம்பாவா கேட்டான்.

"சோக்கா இரிக்கி, தம்பி," என்றார் ஓவசியர்.

எங்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை.