சொரி டு இன்டரப்ட், மச்சான்

நிவித்திகல,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய நாகலிங்கம் மச்சான் அவர்களுக்கு,

அழகமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் கோழிகளும் முருகன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். ஓப்பநாயக்கவில் நீங்களும், அக்காவும், அக்காவின் முழங்காலும், வியாழக்கிழமை முதல் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி விஜயகலாவும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா, ஒரு கோல் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் சிரிப்பீர்கள். போனில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவேன். உங்கள் தங்கை கோபித்துக்கொண்டு வந்ததே அதனால்தான். கடிதத்தில் மட்டும்தான் என்னால் யார் பேச்சிலும் குறுக்கே விழ முடியாது.

நடந்ததை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அல்லது பாதி சொல்லியிருப்பாள். பாதியோடு நிறுத்தித்தான் அவளுக்குப் பழக்கம், அதுவும் என்னால் வந்த பழக்கம். ஆகவே முழுவதையும் நானே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் இங்கிலிஷ். கொழும்பில் இருக்கும் எங்கள் மகள் துஷ்யந்தியின் பிள்ளைகள் போனில் முகத்தைக் காட்டி இங்கிலிஷில்தான் கொஞ்சுகின்றன. நாங்கள் இரண்டு பேரும் கோயில் மாடு போலத் தலையை ஆட்டிக்கொண்டிருப்போம். அந்த நேரம் பார்த்து, தோட்டத்து வாசிகசாலையில் புதன்கிழமை பின்னேரங்களில் பெரியவர்களுக்கு இலவச இங்கிலிஷ் வகுப்பு என்று சசி சேர் அறிவித்தார். நாங்கள் சேர்ந்தோம். கிழமைக்கு ஒரு சொல்லை எடுத்து, அதை அன்றாடம் எப்படியெல்லாம் பேசுவது என்று சொல்லித் தருவார். போன மாதம் வந்த சொல் 'இன்டரப்ட்'. ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று நடுவில் புகுந்து நிறுத்துவது. மழை வந்து மெட்ச்சை இன்டரப்ட் பண்ணும், கரண்ட் கட் நாடகத்தை இன்டரப்ட் பண்ணும், பெரியவர்கள் பேசும்போது சின்னப் பிள்ளை இன்டரப்ட் பண்ணக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் நான் மயங்கிப்போனேன். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நடுவே பேச வேண்டியிருந்தால் 'சொரி டு இன்டரப்ட் யூ' என்று முதலில் சொல்லிவிட வேண்டுமாம். எவ்வளவு வசதியான பாஷை! அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு யார் பேச்சையும் வெட்டலாம் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வெட்டினேன். கோயில் கமிட்டித் தலைவர் சின்னத்தம்பி வரவு செலவு வாசிக்கும்போது வெட்டினேன். பஸ்ஸில் முன்சீட்டு ஆள் சிங்களத்தில் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டு வந்ததை வெட்டி, மாமியார் பக்கம் நியாயம் பேசினேன். விஜயகலா கடைவாய்ப் பல் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது, "சொரி டு இன்டரப்ட் யூ, டீ எங்க?" என்று கேட்டேன். அவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். பல்லைப் பற்றிப் பிறகு பேசவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தானே வெட்டினேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

இங்கிலிஷ் வருவதற்கு முன்பு மட்டும் நான் என்ன யோக்கியனா, மச்சான்? காலமெல்லாம் கங்காணி வேலை பார்த்தவன். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி மலைக்குப் பிரித்து அனுப்பும்போது எல்லோரையும் பேசி முடிக்க விட்டால் வெயில் உச்சிக்கு வந்துவிடும். "ஐயா, நேத்து ராத்திரி புள்ளைக்கு..." என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "சரி சரி, ஏழாம் நம்பர் மலைக்குப் போ" என்று முடித்துவிடுவேன். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பென்ஷன் எடுத்த பிறகும் பெரட்டை வீட்டுக்குள் நடத்திக்கொண்டிருந்தேன், அதற்கு ஆள் உங்கள் தங்கை ஒருத்திதான்.

சரி, போன புதன்கிழமைக்கு வருகிறேன். போன மாதத்துச் சொல்லைத் திருப்பிப் பார்ப்போம், ஆளுக்கு நாலு வசனம் இன்டரப்ட் வைத்துச் சொந்தமாகச் சொல்லுங்கள் என்றார் சசி சேர். கடைக்கார இப்திகாரின் மனைவி றம்ஸியா, காட்டுப்பன்றி தன் நித்திரையை இன்டரப்ட் பண்ணியது என்றார். நான், அட்டை வந்து கொழுந்து பறிப்பதை இன்டரப்ட் பண்ணும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினேன். பிறகு விஜயகலா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "மை ஹஸ்பண்ட் இன்டரப்ட்ஸ் மீ" என்றாள். சபையே சிரித்தது. "வெரி குட், அடுத்தது" என்றார் சேர். "ஹீ இன்டரப்ட்ஸ் மீ இன் த கிச்சன்." இன்னும் சிரிப்பு. "ஹீ இன்டரப்ட்ஸ் மீ இன் த டெம்பிள்." எனக்குக் காது சிவந்துவிட்டது. எழுந்து, "சொரி டு இன்டரப்ட், சேர், இது பச்சைப் பொய்" என்றேன். றம்ஸியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்துச் சிரித்து சசி சேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உங்கள் தங்கை உட்காரவில்லை. நாலாவது வசனத்துக்கு அவளிடம் இங்கிலிஷ் போதவில்லை. தமிழில் கேட்டாள்.

"சேர், நான் ஒன்னு சொல்ல வந்தேன். இவரு குறுக்க பேசிட்டாரு. ரொம்ப நாளாச்சு. அது என்னன்னு இப்ப எனக்கே ஞாபகமில்ல. இத இங்கிலிஷ்ல எப்படி சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை, மச்சான். சசி சேர் ஏற்கெனவே அழித்திருந்த பலகையை இன்னொரு முறை அழித்தார்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்திக்கொண்டு வந்தேன். "நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று அவள் தொடங்கியதையும் விடவில்லை. மறுநாள் காலை உங்களிடம் வருவதற்கு அவள் பையோடு இரத்தினபுரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். ஜன்னலில் எட்டிப் பார்த்து அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதே நேரம் நான், "குடைய எடுத்தியா? பல் மருந்த எடுத்தியா?" என்று கத்தினேன். கண்டக்டர் "யமு, யமு", போவோம் போவோம் என்று சிங்களத்தில் கத்தி பஸ்ஸைத் தட்டிவிட்டான். குடையும் மருந்தும் அவள் பையோடுதான் போயிருக்கின்றன என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகு தெரிந்தது.

இந்த மூன்று நாளாக நான் வாயைக் கட்டிப் பழகுகிறேன். இப்திகாரின் கடைக்குப் போய் அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நின்றேன். வியாபாரியை முழுதாகப் பேச விட்டால் என்ன ஆகும்? ஒரு ரைஸ் குக்கரை என் தலையில் கட்டிவிட்டார். அதில் வடித்த சோற்றை நாயும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. நேற்று கோயிலில் சின்னத்தம்பியையும் பேச விட்டேன். கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகும் அவர் பேசினார், கேட்க நான் ஒருவன்தான். பந்தல் செலவில் தொடங்கி, கட்டாரில் இருக்கும் மூத்த மகன் இப்போது கோல் எடுப்பதே இல்லை என்பதில் வந்து நின்றார். தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த மனிதனுக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. சின்னத்தம்பியிடமே இவ்வளவு இருந்தால், என்னோடு ஒரே வீட்டில் இருந்தவளிடம் எவ்வளவு இருந்திருக்கும்! நான் தப்புப் பண்ணிவிட்டேன், மச்சான். இதை எந்தச் சொரியாலும் சரிக்கட்ட முடியாது.

ஆகையால் நான் கேட்பது ஒன்றுதான். விஜயகலாவுக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்லி அனுப்பிவையுங்கள். அவள் பேசும்போது இனி என் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. ஒரு இருமல்கூட வராது. மாரியம்மன்மேல் ஆணை. பல்லைப் பற்றியும் முதலிலிருந்து சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் பாலும் பேச்சும் குறைவில்லாமல் பொங்கட்டும்.

இப்படிக்கு,
வாய்மூடிய தங்கள் மச்சான்,
ப. அழகமுத்து
(ஓய்வுபெற்ற கங்காணி)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளே கோல் எடுத்தாள். "நான் நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள். ஆணையை நினைத்து நான் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். அவளும் நிறுத்திவிட்டாள். "கேக்குதா?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு மெதுவாக, "ஏன் சும்மா நிக்கிறீங்க? எப்பவும் இந்த எடத்துல நீங்க குறுக்க பேசிருவீங்க. அதுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு நான் யோசிச்சு வச்சதே இல்லங்க" என்றாள். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம், அவள் போனில் காசு தீர்ந்து லைன் போகும்வரை. மச்சான், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். இப்போதைக்கு அவளுக்கு ஒரு ரீலோட் போட்டுவிடுங்கள்.